தம்பியின் நிறம்

என் தம்பி பிறந்த அன்று எங்கள் வீட்டிலிருந்து யாருக்கும் வெல்லம் போகவில்லை. ஆண் பிள்ளை பிறந்தால் தெரு முழுக்க வெல்லம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவும் எங்களுடையது கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுகிற வீடு. உள்ளறையில் பானை பானையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அன்று அந்த அறைக் கதவை யாரும் திறக்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பி பிறந்ததைவிட வெல்லம் கிடைக்காததுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற கடைசி ஊர்களில் ஒன்று எங்களுடையது. பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்த காலம். எங்கள் கரும்புக் கொல்லையின் தெற்கு வரப்பைத் தாண்டினால் இங்கிலீஷ்காரர் சீமை. மேய்கிற மாடுகளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எங்கள் பெரியப்பாவுக்கு நன்றாகத் தெரியும். எது நம்முடையது, எது நம்முடையது அல்ல என்பதில் அவர் மிகவும் கறாரான மனிதர். அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர். நிலமும் ஆலையும் அடுப்பும் ஒன்றாக இருந்த வீட்டில் அவர் சொல்தான் சொல். அவர் எதிரே அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் மடுகரை. அப்பாவின் தாய்மாமன் மகள். சொந்தத்தில் பெண் எடுத்தால் நிலமும் வெளியே போகாது, வெளி இரத்தமும் உள்ளே வராது என்பது பெரியப்பாவின் கொள்கை. அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவரும் அவரே. அப்பாவும் அம்மாவும் நல்ல கறுப்பு. நானும் அப்படியே.

தம்பி பிறந்தது ஒரு நண்பகலில். என்னைக் கிணற்றடியில் உட்கார வைத்திருந்தார்கள். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வரவேண்டிய பெண்களின் சந்தோஷச் சத்தம் வரவில்லை. மருத்துவச்சி வெளியே வந்து, பெரியம்மாவைக் கைஜாடை காட்டிக் கூப்பிட்டு, காதோடு காதாக ஏதோ சொன்னாள். பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார். யாரும் கவனிக்காத நேரம் பார்த்து நானும் நுழைந்தேன்.

அம்மாவின் பக்கத்தில் கிழிந்த வேட்டித் துணியில் ஒரு குழந்தை கிடந்தது. தோல் செம்பருத்தி மொட்டின் நிறம். தலைமுடி கரும்பு பூக்கும்போது கொல்லைக்கு மேலே வெள்ளையாக அலையுமே, அந்த வெள்ளை. புருவமும் வெள்ளை. கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொண்டது. கூரை ஓட்டையிலிருந்து விழுந்த வெயிலைக்கூட அதனால் தாங்க முடியவில்லை. அவ்வளவு அழகான ஒன்றை அதுவரை நான் பார்த்ததில்லை.

"தம்பியப் பாத்தியா?" என்று அம்மா கேட்டார்.

"எம்மா வெள்ள! யார் மாதிரிம்மா கீறான்?"

அம்மா துணியை இழுத்து அவன் முகத்தில் போர்த்தினார். அதே கேள்வியைத்தான் ஊரே கேட்கப் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த இரண்டு நாட்களும் பெண்கள் வந்து வந்து பார்த்தார்கள். ஒவ்வொருவரும் முதலில் குழந்தையைப் பார்த்தார்கள், பிறகு அம்மாவைப் பார்த்தார்கள், வெளியே போகும்போது அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். தெருவில் பேச்சு ஓடியது. நான் கிட்டே போனால் நின்றது. நின்ற பேச்சின் வாலில் ஒவ்வொரு முறையும் 'தொரை' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது.

முந்தைய மழைக்காலத்தின் முடிவில் ஒரு வெள்ளைக்காரத் துரை ஏரியின் மதகுகளை அளக்க வந்து, கரையில் கூடாரம் போட்டுச் சில வாரங்கள் தங்கியிருந்தார். பெரியவர்கள் விரல்விட்டு மாதத்தை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது. எண்ணிக்கை சரியாக வந்தால் மீதியெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை பெரியப்பா நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பங்காளிகள் இரண்டு பேர் பெஞ்சில். அப்பா தூணோரம் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். பெரியவர்கள் கூட்டத்துக்கு நடுவே நிற்க வைத்து என்னிடம் ஒன்றைக் கேட்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரே பெருமை. பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

"ஏரி அளக்க வந்த தொரை நம்ம வூட்டுக்கு வந்தாரா?"

"வந்தாரு பெரிப்பா."

"எத்தினி வாட்டி?"

"ரெண்டு வாட்டி."

"உங்கம்மா அவருக்கு இன்னா குடுத்தா?"

"மோரு."

"சிரிச்சாளா?"

"சிரிச்சாங்க. ரொம்ப நேரம் சிரிச்சாங்க."

பெரியப்பா பங்காளிகளைப் பார்த்தார். "போ" என்றார் என்னிடம். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லாமல் சொன்னதற்காக யாராவது மெச்சுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் மெச்சவில்லை.

அவர்கள் கேட்காதது ஒன்று உண்டு. துரை சேவகனோடு வந்து வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டபோது, வெயிலில் வந்தவர் என்று அம்மா மோரை ஊற்றி என் கையில் கொடுத்து அனுப்பினார். "மோர்" என்று சொல்லிக் கொடுத்தேன். துரை திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார். அவர்கள் பாஷையில் அந்த ஓசைக்குச் சாவு என்று அர்த்தமாம். இந்தச் சின்னப் பெண் செம்பை நீட்டி 'சாவு' என்கிறாளே என்று பயந்துவிட்டார். சேவகன் விளக்கிச் சொன்னதும் துரையும் சிரித்தார், சேவகனும் சிரித்தான், கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவும் சிரித்தார். இரண்டாம் முறை வந்தது, அன்று திரும்பும்போது திடீரென்று பிடித்த மழைக்கு எடுத்துப் போன தாழங்குடையைத் திருப்பித் தர. அப்போது அம்மா வீட்டிலேயே இல்லை. களை எடுக்கப் போயிருந்தார். குடையை வாங்கி வைத்தவள் நான்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நான் நல்ல மாணவி.

கதவிடுக்கில் நின்று மீதியைக் கேட்டேன். "புள்ளயத் தூக்கினு அவ மடுகரைக்குப் போவட்டும். நாளைக்கி வண்டி பூட்டிடு" என்றார் பெரியப்பா. "மேரில யாரும் போயி எழுதக் கூடாது. எழுதினா அவன் நம்ம வூட்டுப் புள்ளன்னு ஆயிடும்."

மேரி என்பது கொம்யூன் அலுவலகம், இப்போதைய ஊராட்சி அலுவலகம் மாதிரி. பிரெஞ்சு ஆட்சியில் குழந்தை பிறந்தால் சில நாட்களுக்குள் அங்கே போய், இரண்டு சாட்சிகளை வைத்து, பெரிய புத்தகத்தில் எழுத வேண்டும். அதில் தகப்பன் பெயர் ஏறிவிட்டால் பிறகு யாராலும் அழிக்க முடியாது. அப்படி எழுதாத பிள்ளை சட்டத்தின் கண்ணில் எங்கேயும் பிறக்கவில்லை.

பிள்ளை பெற்று மூன்றே நாளான அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்படி வரை வந்தார். கொழுந்தனார், மூத்தார் யார் எதிரிலும் வந்து நிற்காதவர்.

"மாமா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார் அப்பாவைப் பார்த்து.

அப்பா தரையைப் பார்த்தார். அங்கே ஏதோ விழுந்து கிடப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். அம்மா திரும்பி உள்ளே போனார். 

மறுநாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அப்பா கொல்லையிலிருந்து வந்தார். வேட்டியெல்லாம் சேறு. முகத்தைக் கழுவிக்கொண்டு வேறு வேட்டி கட்டினார். "கௌம்பு" என்றார். எங்கே என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஏரிக்கரை மேல் அவர் முன்னால் நடந்தார். நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால். பாதி வழியில் நின்று திரும்பி, "பிரான்சு எழுத்து படிப்பியா?" என்றார்.

"படிப்பேம்பா. அர்த்தம் எல்லாம் தெரியாது."

"அர்த்தம் வாணாம். பேரு படிச்சா போதும்."

அதற்குத்தான் என்னை அழைத்துப் போகிறார் என்று அப்போது புரிந்தது. அப்பாவுக்குத் தன் பெயரைத் தமிழில் எழுத மட்டும் தெரியும். மேரிக்காரர் எதையாவது மாற்றி எழுதிவிட்டால் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு ஆள் தேவை. பெரியப்பாவிடம் சாட்சி சொன்ன அதே ஆள்தான் அவருக்குக் கிடைத்தது.

மேரியில் எழுத்தர் கோட்டு போட்டிருந்த தமிழர். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே, "சாட்சி எங்க?" என்றார். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் பெரியப்பாதான் சாட்சி. அப்பா வெளியே வந்தார். புளியமரத்தடியில் நாலைந்து பேர், எல்லோரும் தெரிந்தவர்கள், காத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா போய் ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருவருக்கு உடனே மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டிய ஞாபகம் வந்தது. ஒருவருக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. ஒருவர் நேராகவே, "உங்க அண்ணன் கோச்சுக்குவாரு" என்றார். அவர் ஒருவர்தான் உண்மை சொன்னார்.

கடைசியில் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் எழுந்து வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். ஏதோ காகிதம் வாங்க வந்திருந்தார்.

"அந்த வெள்ளப் புள்ளையா?" என்றார். செய்தி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"ஆமாங்க" என்றார் அப்பா.

"சைகோன்ல நான் காவல் நின்ன தெருவுல ஒரு மீன்காரன். அவனும் பொண்டாட்டியும் மாநெறம். மூணு புள்ளைங்க. நடுப்புள்ள மட்டும் இப்படித்தான், முடியெல்லாம் பஞ்சு. அங்க யாரும் அத ஒண்ணும் சொல்லல. வாய்யா, நான் வர்றேன்."

அப்பா கைகூப்பினார். அவ்வளவுதான்.

இரண்டாவது சாட்சி எங்கள் ஆலையில் கொப்பரை கிண்டுகிறவர். சேரிக்காரர். உப்பு வாங்க வந்தவர், மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, தூரத்திலிருந்தே, "நான் வரட்டுங்களா?" என்றார். "வா" என்றார் அப்பா. படிக்கட்டில் அவர் தயங்கி நின்றபோது எழுத்தரும் தயங்கினார். சொல்தா குரலை உயர்த்தவில்லை. "வயசு வந்த ஆம்பளயான்னுதான் சட்டம் கேக்குது. வேற இன்னா கேக்குது, சொல்லுங்க" என்றார். எழுத்தர் பேனாவை மையில் தொட்டார்.

நாள், நேரம், தாய் பெயர், ஊர். எல்லாம் எழுதினார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, தணிந்த குரலில், அவரும் நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருக்க வேண்டும், "தகப்பன் பேரு எழுதாமயும் வுடலாம். சட்டத்துல எடம் கீது. யோசிச்சு சொல்லுங்க" என்றார்.

அப்பா யோசித்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பேனா நுனியில் மை திரண்டு, சொட்டாக விழப்போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விழுவதற்கு முன்னால் அப்பா பேசினார்.

"என் பேர எழுதுங்க."

எழுதிய பிறகு புத்தகத்தை என் பக்கம் திருப்பச் சொன்னார். நான் எக்கி நின்று, விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"என் பேரு இருக்குதா? ஒழுங்கா பாரு."

"இருக்குதுப்பா. ரெண்டு எடத்துல இருக்குது."

சொல்தா வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார். கொப்பரைக்காரர் கட்டைவிரலை அழுத்தினார். அப்பா தன் பெயரை எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

நாங்கள் வீடு திரும்பியபோது வாசலில் கூண்டு வண்டி பூட்டி நின்றது. அம்மா உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் தம்பி, முகத்தில் துணி போர்த்தி. பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. பெரியப்பா வாசல்படியில் நின்றிருந்தார். அப்பா யாரையும் பார்க்கவில்லை. நேராக வண்டியின் முன்னால் போய், நுகத்தைத் தூக்கி, முதலில் இடது மாட்டை அவிழ்த்தார், பிறகு வலது மாட்டை. இரண்டையும் நடத்திக்கொண்டுபோய்க் கொட்டிலில் கட்டினார்.

"இன்னாடா பண்ற?" என்றார் பெரியப்பா.

"மேரில எழுதிட்டேன் அண்ணா."

பெரியப்பாவை எதிர்த்து அப்பா பேசி நான் கேட்ட ஒரே வாக்கியம் அதுதான். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த மாதமே அடுப்பு இரண்டாயிற்று. ஏரிக்குக் கீழே இருந்த பள்ளக் கொல்லையும் அதன் ஓரத்துக் கொட்டகையும் எங்கள் பங்குக்கு வந்தன. அங்கே போய்க் குடியிருந்தோம். பெரியப்பா சாகும்வரை எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நான் சொன்ன பதில்கள் என்ன வேலை செய்தன என்பது எனக்குப் பதினாலு வயதில்தான் புரிந்தது. புரிந்த அன்று அம்மாவிடம் போய் அழுதேன். "நீ பொய்யா சொன்ன? இல்லியே. போயி கஞ்சி குடி" என்றார். அதற்குப்பின் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

தம்பியால் வெயிலில் கால் மணி நேரம் நிற்க முடியாது. தோல் சிவந்து கொப்பளித்துவிடும். கண் எப்போதும் இலேசாக ஆடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் பலகையில் எழுதுவது தெரியாது. காதால் கேட்டே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தான். 'தொரை மகன்' என்று பிள்ளைகள் கூப்பிட்டபோது அது ஏதோ பட்டம் என்று நினைத்து முதலில் சந்தோஷப்பட்டான், பாவம். அப்பா ஒரு வருடம் கரும்பை அழித்துவிட்டு அகத்தியை விதைத்து, வெற்றிலைக் கொடிக்கால் போட்டார். கரும்புக்குப் பேர் போன மண்ணில் இவனுக்கு என்ன பைத்தியம் என்று ஊரே கேட்டது. கொடிக்காலுக்குள் வெயில் இறங்காது. அந்த நிழலில்தான் தம்பி வேலை செய்து வளர்ந்தான். வெற்றிலை கிள்ளுவதில் அவனைப்போல ஒருவரும் கிடையாது.

இருபத்து மூன்று வயதில் அவன் காதோரத்தில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். மறுபடி வந்தது, கழுத்தில் இறங்கியது. ஒரு வருடத்தில் போய்விட்டான். அவன் போன இரண்டாம் வருடம் அம்மாவும் போனார்.

நான் அப்பாவின் பிடிவாதத்தால் படித்தவள். புதுச்சேரியில் பெண்கள் பள்ளியில் உயிரியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். வருடாவருடம் மாணவிகளுக்கு வெங்காயத்தின் வேர்நுனியை நசுக்கிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் காட்டுவேன். சின்னச் சின்ன அறைகளாகச் செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் குரோமோசோம் என்கிற நூல்கள். உடம்பு எப்படி அமைய வேண்டும் என்ற குறிப்பெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் ஒவ்வொரு நூலும் தன்னைப்போலவே இன்னொன்றைச் செய்துகொள்கிறது. பிறகு நடுவில் வரிசையாக வந்து நின்று, ஆளுக்கொரு பக்கமாக இழுபட்டு விலகுகின்றன. இடையில் சுவர் எழும்புகிறது. ஒன்று இருந்த இடத்தில் அச்சு அசலாக இரண்டு. வேர் நீள்வதும், குழந்தை வளர்வதும், வெட்டுக்காயம் மூடுவதும் இப்படித்தான். பிரிய வேண்டிய நேரத்தில் பிரியவும் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவும் செல்லுக்குத் தெரியும். நிறம் இல்லாத தோலில் வெயில் வருடக்கணக்காக விழுந்தால், ஏதோ ஒரு செல்லில் குறிப்பு கெட்டு, நிற்பது மறந்துபோகிறது. பிரிந்துகொண்டே போகிறது. என் தம்பியை வளர்த்ததும் அந்த வேலைதான், கொன்றதும் அதே வேலைதான். இதை நான் வகுப்பில் சொன்னதில்லை. 

அடுத்த பாடத்துக்கு வெங்காயப் பூவின் மொக்கு. அதற்குள் மகரந்தம் உருவாகிற இடத்தில் பிரிவது வேறு மாதிரி. நூல்கள் எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கின்றன. ஜோடியில் ஒன்று தகப்பன் வழி, ஒன்று தாய் வழி. வேரில் அவை ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. மொக்கிலோ ஜோடிகள் தேடி வந்து சேர்கின்றன, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன, பிறகு நிரந்தரமாகப் பிரிகின்றன. அடுத்து இன்னொரு பிரிவு. ஒரு செல்லிலிருந்து நான்கு. ஒவ்வொன்றிலும் பாதி நூல்கள் மட்டும். எந்தப் பாதி எதில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மனிதரிலும் அப்படித்தான். தகப்பனின் பாதியும் தாயின் பாதியும் சேர்ந்தால்தான் ஒரு முழுப் பிள்ளை. மனிதருக்கு நூல்கள் நாற்பத்தெட்டு என்று நான் படித்த புத்தகத்தில் இருந்தது. நான் கற்பிக்கிற காலத்தில் நாற்பத்தாறு என்று திருத்தினார்கள். அறிஞர்களும் எண்ணித் தவறுவார்கள் என்பது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

பல வருடங்கள் இதைப் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள், நிறம் இல்லாமல் பிறப்பது வம்சத்தில் எப்படி இறங்குகிறது என்ற பக்கத்தைத் திருப்பியபோதுதான் அது என் வீட்டுக் கதை என்று உறைத்தது. புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனேன்.

அப்பாவுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. கொடிக்கால் ஓரத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். மரத்தடியில் கிடந்த புளியங்கொட்டைகளில் நாலைப் பொறுக்கினேன். இரண்டை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டைக் கல்லில் வெள்ளை தெரியத் தேய்த்தேன். அவர் முன்னால் ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் வைத்தேன். எதிரே அதேபோல இன்னொரு ஜோடி.

"இது நீங்கப்பா. இது அம்மா. ரெண்டு பேர்கிட்டயும் ஒரு கறுப்பு, ஒரு வெள்ள. கறுப்பு ஒண்ணு இருந்தா போதும், வெள்ள வெளிய தெரியாது. அதான் நீங்க ரெண்டு பேரும் கறுப்பு. ஆனா புள்ளைக்கிக் குடுக்கும்போது ரெண்டயும் குடுக்க முடியாது. ஆளுக்கு ஒண்ணுதான்."

ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு கொட்டையை நகர்த்திக் காட்டினேன். கறுப்பும் கறுப்பும். கறுப்பும் வெள்ளையும். வெள்ளையும் கறுப்பும். கடைசியாக இரண்டு வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"தம்பிப்பா" என்றேன்.

அவர் கயிற்றைக் கீழே வைத்தார்.

"இந்த வெள்ள எங்கேந்து வந்துச்சி?"

"உங்க அம்மாவோட அப்பா யாரு? எங்க அம்மாவோட தாத்தா யாரு? ஒரே ஆள்தான, மடுகரையில. அவருகிட்ட இருந்திருக்கும். ஒண்ணு உங்க வழியா, ஒண்ணு அம்மா வழியா எறங்கி வந்து, இவன்கிட்ட சேந்துடுச்சி. வெளி ரத்தம் இல்லப்பா. நம்ம ரத்தமே ரெண்டு தடவ."

பெரியப்பா உயிரோடு இருந்திருந்தால் அவர் முன்னாலும் நாலு கொட்டையை வைத்திருப்பேன் என்று எனக்குள் ஒரு வீறாப்பு. அப்பாவும் அதையே நினைத்து ஒரு சிரிப்புச் சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டு வெள்ளைக் கொட்டைகளையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.   பிறகு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டார்.

"அப்போ, அவன் என் புள்ளதானா?"

 தலையை மட்டும் ஆட்டினேன்.

"அவகிட்ட நான் கேட்டதேயில்ல" என்றார். "ஒரு நாளும் கேட்டதில்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பா." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தம்பி செத்தபோதும் அம்மா செத்தபோதும் அழாதவர் அன்று அழுததைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் காலையில் மேரியில், பேனா நுனியில் மை திரண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில், அப்பாவுக்கு உண்மை தெரியும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்ததால்தான் தன் பெயரைப் போட்டார் என்று நினைத்தேன். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் எத்தனையோ வருடங்கள். அவருக்கு எதுவும் தெரியாது. தெரியாமல்தான் போட்டார்.